முயற்கறை

மைனஸ் எண்பதில் கடைசிக் குப்பி.
மூடியில் ஹெல்வேயின் கையெழுத்து:
முயல் 318, மூன்றாம் எடுப்பு.
அடியில் சுண்டுவிரல் நகத்தளவு மஞ்சள்.
இந்த உலகத்தில் இனி அவ்வளவுதான்.

தார்த்து நகரில் ஆறு உறைந்துகிடந்த வாரம்.
மூன்றரை மணிக்கே இருட்டு.
ஆடை நீக்கிய பால்தூளைக் கரைத்து
சவ்வைக் குளிப்பாட்டினாள்.
சும்மா கிடக்கும் இடமெல்லாம் பாலைக் குடித்துக்கொள்ளட்டும்,
முயல் வந்து
தனக்குரிய இடத்தில் மட்டும் உட்காரட்டும்.

ஒற்றைக் குரல் இல்லை அது.
ஒரு முயலின் உடம்பில்
ஆயிரம் செல்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து
இழுத்த கூச்சல்.
அதே ஊசியை இன்னொரு முயலுக்குப் போட்டால்
வேறு கூச்சல்தான் வரும்.
புதிதாக வாங்கிய குப்பி
ஐம்பத்திரண்டு கிலோடால்டனில்
வாயே திறக்கவில்லை.

இரவெல்லாம் குளிரறையில்
தட்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.
காலையில்
முயலை மட்டுமே தேடிப் பிடிக்கும் ஆட்டு ஆன்டிபாடி.
பிறகு ஒளி.

முதல் பாதையில் கோடு.
இரண்டாவதில் கோடு.
மூன்றாவதில் மங்கலாக, ஆனாலும் கோடு.
நான்காவதில் த்ரீன் ஏற்றியிருந்தவை
அந்தப் புரதத்தின் மரபணுவையே
வெட்டியெறிந்த செல்கள்.
மனிதச் செல்கள்தான்; அந்த ஒன்று மட்டும் கிடையாது.
அங்கே வெறுமை இருக்க வேண்டும்.

கோடு.
மற்ற மூன்றையும்விடக் கறுப்பாக.

த்ரீன் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.
எதுவும் பேசவில்லை.

பேராசிரியர் ரவுட்செப் பேசினார்.
உப்பு கூடியிருக்கும்.
பால் பழசாயிருக்கும்.
வெட்டு சரியாக விழுந்திருக்காது.
ஏழு வருடம், இரண்டு ஆய்வேடுகள்,
தாலினிலிருந்து வந்த நிதி,
சுவரில் சட்டம் போட்டு மாட்டிய அதே கோடு.
அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.
நான்காவதை யாரும் எண்ணிவிடக் கூடாது.

ஹெல்வே வோருவுக்கு ஃபோன் செய்தாள்.
முயல் பண்ணை எண்டெல்
எதையோ மென்றுகொண்டே பேசினார்.
"318-ஆ? இடது காது கிழிந்தது.
கடிக்கும்.
கடைசி எடுப்போடு முடிந்துபோனது, உனக்குத்தான் தெரியுமே."
தெரியும்.
அவள் கேட்க வந்தது வேறு:
முதல் ஊசிக்கு முன்பு எடுத்த ரத்தம்
கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறதா?
அப்போது அதை யாரும் கேட்கவில்லை.
அவளும்தான்.

இருந்தது.
காட்டுப்பழ டப்பாக்களுக்கு அடியில்.
பிளாஸ்கில் பனிக்கட்டி அடைத்து
மாலைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பினார்.
ஓட்டுநர் கேட்டாராம், சூப்பா என்று.

மறுபடி பால்.
மறுபடி ஆடும் தட்டு.
இந்த முறை த்ரீனும் வீட்டுக்குப் போகவில்லை.
இருவரும் நடைபாதையில் உட்கார்ந்து
கருப்பு ரொட்டியும் ஊறிய மீனும் தின்றார்கள்.
கண்ணாடிக்கு வெளியே பனி விழுவதாகத் தொடங்கி
விழாமல் நின்றது.

விடிந்தபோது
நான்கு பாதைகளிலும்
வெள்ளைச் சவ்வின்மேல்
நிலவில் தெரிவது போல ஒரு முயற்கறை.

அப்படியானால்
நாங்கள் ஊசியில் ஏற்றி அனுப்பிய கேள்விக்கு
நீ சொன்ன பதில் இல்லை இது.
அதற்கு முன்பே
உன் கூண்டில், உன் வைக்கோலில்,
பூஞ்சையா, சளியா, எலி விட்டுப்போன எதுவோ,
உன்னிடம் வந்து போயிருக்கிறது.
அதன் சாயல் எங்களுக்குள்ளும் எதிலோ இருக்கிறது.
நீ அடையாளம் காட்டிக்கொண்டே இருந்தாய்,
ஏழு வருடம்,
பொய் சொல்லாமல்.
பெயரை வைத்தது நாங்கள்.

ரவுட்செப் நெடுநேரம் ஜன்னலருகே நின்றார்.
சட்டத்தைக் கழற்றவில்லை.
கழற்ற வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கடைசிக் குப்பியில் இன்னும் ஒரு துளி.
கொட்டவும் மனமில்லை, வைக்கவும் காரணமில்லை.
ஹெல்வே லேபிளில் இருந்த
புரதத்தின் பெயரை அடித்தாள்.
அந்த இடத்தில் என்ன எழுதுவது?
பேனாவின் மை குளிரில் இறுகியிருந்தது,
இரண்டு முறை ஊதி
எழுதினாள்:

முயல் 318.
கடிக்கும்.